ஓர் ஓட்டம், ஒரு புள்ளி

தாதர் ரயில் நிலையத்தின் மேற்குப் புறம் இறங்கி, பூச்சந்தையின் நெரிசலைக் கடந்து நடந்தால் சிவாஜி பூங்கா வரும். ரமாகாந்த் அச்ரேக்கரிடம் சச்சின் டெண்டுல்கர் கிரிக்கெட் கற்ற மைதானம் அது. மாலை வேளையில் அங்கே பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடைபெறும். ஓர் ஆட்டத்தின் பந்து மற்றோர் ஆட்டத்தின் நடுவே போய் விழும். எவரும் சினம் கொள்வதில்லை. மைதானத்தைச் சுற்றி, மும்பை மக்கள் 'கட்டா' என அழைக்கும் தாழ்வான சுவர் உண்டு. ஆடுவோரைவிட அதில் அமர்ந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோரே மிகுதி.

2019 மே மாத நடுவில் ஒரு மாலை, அந்தக் கட்டாவில் ஒரு தாத்தாவும் பேரன், பேத்தி இருவரும் அமர்ந்திருந்தனர். அண்ணன் மஞ்சள் சட்டையும் தங்கை நீலச் சட்டையும் அணிந்திருந்தனர். இரண்டு நாள்களுக்கு முன், மே 12 அன்று ஐதராபாத்தில் ஐ.பி.எல். இறுதிப்போட்டி நடந்தது. மும்பை இந்தியன்ஸ் 149 ஓட்டங்கள் எடுத்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் 148 எடுத்தது. அன்றிரவு முதல் அவர்கள் வீட்டில் அமைதி இல்லை.

"கேதார் ஜாதவ் இருந்திருந்தால் கோப்பை நமக்கே கிடைத்திருக்கும்" என்றான் அண்ணன்.

மே 5 அன்று மொகாலியில் நடந்த ஆட்டத்தில் கேதாருக்குத் தோளில் அடிபட்டது. அதன்பின் தொடரில் அவர் ஆடவில்லை. முதல் நான்கு இடங்களைப் பிடித்த அணிகள் மோதும் கடைசிச் சுற்றுகளில், நடுவரிசை ஆட்டக்காரர் ஒருவர் இல்லாமலேயே சென்னை ஆட நேர்ந்தது.

"'நமக்கு' என்று யாரைச் சொல்கிறாய், அண்ணா? நாம் இருவரும் பிறந்தது இந்த ஊரில்தானே?" என்றாள் தங்கை.

தாத்தா சிரித்தார். இளமையில் திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி மாட்டுங்காவுக்கு வந்தவர் அவர். "கேதாருக்கு ஊர் புனே. சென்னைக்காகக் கடைசிப் பந்தை எதிர்கொண்ட ஷர்துல் தாக்கூருக்கு ஊர் பால்கர். இதே மேற்கு ரயில் பாதையில், தாதருக்கு வடக்கே இருக்கிறது. உங்கள் சண்டையை அவர்கள் கேட்டால் வியப்பார்கள்" என்றார்.

தங்கை விடவில்லை. "உங்கள் அணிக்கு மட்டுமா காயம்? அல்சாரி ஜோசப்பை மறந்துவிட்டாயா?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரியான செய்தியே. மும்பை அணியில் இருந்த ஆடம் மில்னே காயத்தால் விலகியதால், மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த அல்சாரி ஜோசப் அழைக்கப்பட்டார். ஏப்ரல் 6 அன்று தம் முதல் ஐ.பி.எல். ஆட்டத்திலேயே 12 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஐ.பி.எல். போட்டிகளில் அதுவரை எவரும் அவ்வளவு சிறப்பாகப் பந்து வீசியதில்லை. ஒரே வாரத்தில், எல்லைக்கோட்டருகே பாய்ந்து பந்தைத் தடுக்க முயன்றபோது அவருடைய தோளும் பிசகியது. அவருக்கும் தொடர் அத்துடன் முடிந்தது.

"பார்த்தாயா? மில்னேவுக்குக் காயம் ஏற்படாதிருந்தால் அந்த ஆறு விக்கெட்டுகளே இல்லை. 'இருந்திருந்தால்' என்று ஒரு காயத்தை அழித்தால், அந்த இடத்திற்கு வந்தவன் ஆடிய ஆட்டத்தையும் சேர்த்தே அழிக்க வேண்டும்" என்றார் தாத்தா.

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கேதாரை விடுங்கள். வாட்சன்?" என்றான்.

இம்முறை தங்கையும் உடனே மறுக்கவில்லை. இறுதிப்போட்டியில் ஷேன் வாட்சன் 59 பந்துகளில் 80 ஓட்டங்கள் குவித்தார். கடைசி ஓவரில் வெற்றிக்கு 9 ஓட்டங்கள் தேவை; வீசியவர் லசித் மலிங்கா. நான்காம் பந்தில் இரண்டாவது ஓட்டத்திற்கு ஓடியபோது வாட்சன் ரன் அவுட் ஆனார். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் தேவைப்பட, ஷர்துல் எல்.பி.டபிள்யூ. ஆனார். மறுநாள்தான் ஹர்பஜன் சிங் ஒரு படத்தை வெளியிட்டார். அதில் வாட்சனின் இடது முழங்கால் அருகே மஞ்சள் உடை குருதியில் நனைந்திருந்தது. ஆட்டத்தின்போது பாய்ந்து விழுந்ததில் ஏற்பட்ட காயம் அது. எவரிடமும் சொல்லாமல் ஆடிய அவருக்குப் பின்னர் ஆறு தையல்கள் போடப்பட்டன.

"முழங்கால் நன்றாக இருந்திருந்தால் அந்த இரண்டாவது ஓட்டத்தை எடுத்திருப்பார்" என்றான் அண்ணன்.

"எங்கள் ஆட்கள் அவருடைய கேட்சுகளைக் கோட்டைவிடாமல் இருந்திருந்தால் கடைசி ஓவர் வரை அவர் நின்றிருக்கவே மாட்டார்" என்றாள் தங்கை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் அவுட் ஆனபோது நான் குதித்தேன், தாத்தா. இரத்தம் எனக்குத் தெரியாது" என்றாள்.

அடுத்த மாதம் டொரொண்டோவிலிருந்து பெரியம்மா மகன் பேசினான். அங்கே ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்கள் பெருந்திரளாக வாழ்கின்றனர். அந்நகரத்துக் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ், என்.பி.ஏ. இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தது. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் அணிக்கே கோப்பை. கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதமாக ஆடாதிருந்த கெவின் டியூரண்ட், சூன் 10 அன்று ஐந்தாம் ஆட்டத்தில் வாரியர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். 12 நிமிடங்களில் 11 புள்ளிகள் எடுத்தார். பின் திடீரெனக் கீழே அமர்ந்தார், குதிநாண் அறுந்துவிட்டது. டொரொண்டோ அரங்கில் ஒரு பகுதியினர் ஆரவாரம் செய்தனர். ராப்டர்ஸ் வீரர் கைல் லௌரி முதலியோர் கையசைத்து அவர்களை அடக்கினர். அன்று வாரியர்ஸ் வென்றது, 106-க்கு 105. அங்கும் ஒரே ஒரு புள்ளி.

"எங்கள் வீட்டிலும் கை தட்டினோம். லௌரி கையை அசைத்ததைத் திரையில் கண்ட பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை" என்றான் அவன்.

சூன் 13 அன்று ஆறாம் ஆட்டத்தில் வாரியர்ஸ் அணியின் கிளே தாம்சன் 28 புள்ளிகள் எடுத்திருந்த நிலையில் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். உள்ளே அழைத்துச் செல்லப்பட்டவர் பாதி வழியில் திரும்பி வந்து, தமக்குரிய இரண்டு எறிதல்களையும் கூடையில் சேர்த்துவிட்டே வெளியேறினார். முழங்காலின் இணைப்பு நார் கிழிந்திருந்தது. அவர் மீண்டும் களம் கண்டது 2022 சனவரியில்தான். ராப்டர்ஸ் 114-க்கு 110 என வென்று, அமெரிக்காவுக்கு வெளியே கோப்பையைக் கொண்டுசென்ற முதல் அணியானது.

"அந்த இருவரும் நலமாக இருந்திருந்தால்?" என்று அண்ணன் தொடங்கினான்.

"ஸ்கார்பரோவில் எல்லாத் தேநீர்க் கடைகளிலும் அதுதான் பேச்சு" என்று சிரித்தான் டொரொண்டோ அண்ணன்.

தங்கை தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "டியூரண்டுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

"அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டதாம். நடக்க நாளாகும்."

சொற்பொருள்: குருதி – இரத்தம், குதிநாண் – குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் நார், ஆரவாரம் – பேரொலி, நேர்ந்தது – நிகழ்ந்தது.

வினாக்கள்:
1. 'நமக்கு' என்னும் சொல்லை அண்ணன் எப்பொருளில் கூறினான்? தங்கை அதை எவ்வாறு மறுத்தாள்?
2. அல்சாரி ஜோசப்பின் செய்தியைக் கொண்டு தாத்தா கூறிய கருத்தை உன் சொற்களில் எழுதுக.
3. 'இருந்திருந்தால்', 'எடுத்திருப்பார்' – இவ்வமைப்பில் மூன்று தொடர்கள் எழுதுக.