பசை தடவிய மாணவி கேட்ட கேள்வி

ஒன்பதாம் வகுப்பில் தொழிற்புரட்சிப் பாடத்தை முடிக்கும்போது, ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' காரைப் பற்றியும் சொல்வது என் வழக்கம். பல ஆண்டுகளாக அதை ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு நடத்திய ஒரு செயல்பாடு அதை மாற்றியது.

1908இல் மாடல் டி வகையில் விலை குறைந்த வண்டி 825 டாலர். 1925இல் 260 டாலர். இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதி, எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்கிடச் சொன்னேன். ஏறத்தாழ 68 சதவீதம். "எப்படி டீச்சர் இவ்வளவு குறைஞ்சது?" என்றார்கள்.

விடை சொல்லவில்லை. ஐவர் கொண்ட குழுக்களாக உட்காரவைத்துப் பழைய செய்தித்தாள்களைக் கொடுத்தேன். முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாக முழு உறை செய்தனர். அடுத்த பத்து நிமிடம் ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருவர் பசை தடவ, ஒருவர் ஒட்ட, ஒருவர் அடுக்கினார். இரண்டாம் முறை உறைகள் அதிகம் சேர்ந்தன.

அதன்பிறகே ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னேன். அங்கே 1913இல் நகரும் பொருத்து வரிசை வந்தது. தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்க, வண்டி நகர்ந்து வந்தது. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்தப் பன்னிரண்டரை மணி நேரம் ஆன வேலை, அடுத்த ஆண்டில் 93 நிமிடமாகக் குறைந்தது.

பசை தடவிய மாணவி எழுந்தாள். "எனக்குக் கை வலிக்குது டீச்சர். இன்னும் முழுசா ஒரு கவர் செய்யவே வரல." இன்னொருத்தி, "எங்கம்மாவும் பனியன் கம்பெனியில காலர் மட்டும்தான் தைப்பாங்க" என்றாள்.

ஃபோர்டின் தொழிலாளர்களுக்கும் அதே அலுப்புதான். சுமார் 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த 1913இல் 52,000 பேருக்குமேல் வேலைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் விலகிக்கொண்டே இருந்தனர். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியமும் 8 மணி நேர வேலையும் அறிவித்தார். முன்பு கிடைத்ததைப் போல ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் அதைப் பெறத் தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் வந்து, அவர் குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று விசாரிப்பார்கள்.

"சம்பளத்தை ஏத்தினது நல்ல மனசாலயா, ஆளுங்க போயிடுவாங்கன்னா?" என்று அதே மாணவி கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரு தரப்பும் தங்கள் காரணத்தை எழுதித் தரச் சொன்னேன். அன்று வந்த விடைகள், நான் இதுவரை எழுதிப்போட்ட குறிப்புகளைவிடச் சிறப்பாக இருந்தன.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பாடவேளை போதும். பசையும் பழைய செய்தித்தாளும்தான் செலவு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உறைகளை எண்ணி முடித்ததும், பசை தடவிய பிள்ளையை முதலில் பேசவிடுங்கள்.