மரண சாசனத்தில் ஓர் உயிரின் விடுதலை



அன்பிற்குரிய சகோதரர்களே! பசியாவரத்திலிருந்து ஏரியைத் தாண்டினால் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டையின் இடிபாடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கரையிலிருந்து துணி மட்டும் கப்பல் ஏறவில்லை. மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பசி தாங்காமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களை டச்சுக் கம்பெனி வாங்கி, பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பியது.

பத்தாவியாவில் எஜமான் இறந்தால், மேசை நாற்காலியோடு சேர்த்து அடிமைகளையும் சொத்துக் கணக்கில் எழுதினார்கள். சில எஜமானர்கள் தம் உயிலில், "என் மரணத்துக்குப் பின் இவர் விடுதலை" என்று எழுதி வைத்தார்கள். அப்படியும் பிற வழிகளிலும் விடுதலை பெற்றவர்களையும் அவர்களுடைய சந்ததியினரையும் 'மர்டைக்கர்' என்றார்கள். மலாய் மொழியில் விடுதலையைக் குறிக்கும் 'மெர்டேக்கா' என்ற சொல்லோடு சேர்ந்த பெயர் அது. அவர்களில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள்.

கண்ணியத்திற்குரியவர்களே! மரண சாசனத்தின் மூலம் அடிமையை விடுவிப்பதற்கு நம் மார்க்கச் சட்டத்தில் 'தத்பீர்' என்று பெயர். "நான் இறந்தால் நீ விடுதலை" என்று எஜமான் சொல்லிவிட்டால் அந்த அடிமை 'முதப்பர்' ஆகிவிடுகிறார். எஜமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணோ, எஜமான் இறந்ததும் விடுதலை பெறுகிறார். அவரை வாரிசுகள் பங்கு போட முடியாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு.

ஆனால் வஸிய்யத்துக்கு ஓர் எல்லை உண்டு. அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒருவர் மரண வேளையில் தம் ஆறு அடிமைகளையும் விடுவித்தார். அவருக்கு வேறு சொத்தே இல்லை. நபி (ஸல்) அவர்கள் அந்த அறுவரையும் மூன்று பிரிவாக்கிச் சீட்டுக் குலுக்கினார்கள். இருவர் விடுதலையானார்கள். நால்வர் வாரிசுகளுக்கே போனார்கள். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் இருக்கிறது.

அந்த நால்வரை நினைத்துப் பாருங்கள். எஜமான் ஆரோக்கியமாக இருந்தபோதே விடுவித்திருந்தால் மூன்றில் ஒன்று என்ற எல்லை குறுக்கே வந்திருக்காது. ஆறு பேரும் விடுதலையாகியிருப்பார்கள். தள்ளிப்போட்டது அவர், விலை கொடுத்தது அந்த நால்வர். உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை காத்திருந்து, 'இன்னாருக்கு இவ்வளவு' என்று பிரித்துச் சொல்வதை விட, உடல்நலத்தோடும் பொருளாசையோடும் இருக்கும்போதே கொடுப்பது மேலான தர்மம் என்று நபியவர்கள் கற்பித்ததன் பொருள் இங்கே புரிகிறது (நூல்: புகாரி).

சகோதரர்களே! அடிமைகளை வைத்திருந்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. தவறுதலாக நடந்த கொலைக்கும், முறித்த சத்தியத்துக்கும் பரிகாரமாக அடிமை விடுதலையைக் குர்ஆன் வைத்தது (4:92, 5:89). ஸகாத்திலும் அதற்கொரு பங்கை ஒதுக்கியது (9:60). இத்தனை வாசல்கள் திறந்திருந்தும் நுழையாமல் நின்றவர்களின் குறை அவர்களுடையது.

இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்கு நீதிமன்றம் தந்த ஆதரவை நிறுத்தியது. ஆனால் கடன் வழியாக அது தொடர்ந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் உழைக்கிறான். முதலாளி இறந்தால் அந்தக் கணக்கு நோட்டு அவர் மகன் கைக்குப் போகிறது. இதுவும் மனிதனை வாரிசுச் சொத்தாக எழுதுவதுதான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது. செல்லாத கடனை, "நான் மன்னித்தேன்" என்று பெருமையாக வஸிய்யத்தில் எழுதவும் இடமில்லை. இன்றே ஆளை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

நேர்மையாகக் கொடுத்த கடனாக இருந்தால்? சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லது என்றும் குர்ஆன் வழிகாட்டுகிறது (2:280). படகுக்கும் வலைக்கும் பணம் கொடுத்தவர்கள் இன்று இரவு நோட்டைத் திறந்து பாருங்கள். யாரால் திருப்பித் தர முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பெயரை உயிரோடு இருக்கும்போதே அடித்துவிடுங்கள். கூலி பாக்கி இருந்தால், அது உங்கள் கடன். வாரிசுகள் பாகம் பிரிக்கும் முன் கொடுபட வேண்டியது அது என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது திர்ஹமோ, தீனாரோ, ஓர் ஆண் அடிமையோ, பெண் அடிமையோ விட்டுச் செல்லவில்லை. ஒரு வெள்ளைக் கோவேறு கழுதை, ஆயுதங்கள், தர்மமாக்கிய நிலம் ஆகியவையே இருந்தன (நூல்: புகாரி). அவர்களுடைய சொத்துக் கணக்கில் ஒரு மனிதர்கூட இல்லை. நம் கணக்கிலும் யாரும் இல்லாத நிலையில் நம்மை மரணிக்கச் செய்ய அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.