ஐம்பது அங்கணம் எவ்வளவு?

போன வருஷம் தை மாதம் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். “அம்பத்தூர்ல மூச்சு முட்டுதுடா. நகரியிலயே ஒரு வீடு பாரு.” எங்களுடையது ஆந்திர எல்லையோர நகரியில் தறி ஓட்டிப் பிழைத்த குடும்பம். தாத்தா கட்டிய வீடு பாகப்பிரிவினையில் கைமாறிப் பல வருஷமாகிறது. ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று செல்போனை எடுத்தவன், பதினான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் வாடகை வீடு தேடிய பழக்கத்தில் பட்ஜெட், பெட்ரூம் எண்ணிக்கை எல்லாம் போட்டுத் தட்டினேன். நகரிக்குப் பதினொரு விளம்பரம் வந்தது. நோட்டில் எழுதிப் பார்த்தால் அதில் நாலு ஒரே வீடு. நாலு புரோக்கர், நாலு கோணத்தில் போட்டோ, நாலு விலை. ஜன்னல் கம்பியில் மயில் வைத்திருந்ததால்தான் பிடிபட்டது. கூடின விலைக்கும் குறைந்த விலைக்கும் மூன்று லட்சம் வித்தியாசம். குறைந்த விலைக்காரருக்குப் போன் செய்தால், “அது பழைய ரேட் சார், எடுக்க மறந்துட்டேன்” என்றார். அன்றிலிருந்து யாரோடு பேசினாலும் என் முதல் கேள்வி விலை அல்ல. “வீட்டுக்காரர் உங்ககிட்ட எப்போ சொன்னாரு?” பதிலில் தடுமாற்றம் இருந்தால், இவருக்கு வீட்டுக்காரரையே தெரியாது, இன்னொரு புரோக்கரின் போட்டோவை எடுத்துப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

மீதி ஏழில் இரண்டு, ஆந்திராவே இல்லை. திருத்தணி தாலுகா. ‘நகரி அருகில்’ என்று போட்டிருந்தார்கள், அதில் பொய்யில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை குறித்த படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தக் கோடு கண்ணில் படாது. வீடு வாங்குகிறவனுக்கு அது மதில் சுவர். நில ஆவணம் அந்தப் பக்கம் பட்டா, சிட்டா. இந்தப் பக்கம் அடங்கல், ஒன் பி. அந்தப் பக்கம் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், இந்தப் பக்கம் 7.5. விளம்பரத்தில் இருப்பது ஒரே ஒரு ரூபாய்க் குறிதான்.

இன்னொரு கோடு 2022 ஏப்ரல் 4 அன்று விழுந்தது. ஆந்திராவின் பதின்மூன்று மாவட்டங்கள் இருபத்தாறாகப் பிரிந்த நாள். நகரி சித்தூர் மாவட்டத்திலேயே இருக்க, பக்கத்து ஊரான புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. விளம்பரம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். சித்தூர் என்று மட்டும் தேடியதில், புதுக் கணக்கில் போட்ட புத்தூர் பக்கத்து வீடுகள் பல எனக்கு மூன்று மாதம் கண்ணிலேயே படவில்லை. திருப்பதி என்று தேடினால் வேறொரு தொல்லை: புத்தூர் மனைகள் எல்லாம் ‘திருப்பதிக்கு மிக அருகில்’ ஆகிவிடும். ஏழுமலையானுக்குப் பக்கம் என்று சொன்னால் விலையும் ஒரு படி ஏறத்தானே செய்யும். இப்போது இரண்டு மாவட்டத்தையும் போட்டுத் தேடி, மண்டலத்தின் பெயரை வாயால் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அளவுக்கு வருகிறேன். இதில்தான் நான் வசமாக மாட்ட இருந்தேன். ‘ஐம்பது அங்கணம், பழைய வீட்டோடு’ என்று ஒரு விளம்பரம். சென்னைக்காரனுக்கு கிரவுண்டு தெரியும், சென்ட் தெரியும். அங்கணம் என்பது தாத்தா வாயில் கேட்ட சொல். இணையத்தில் தேடியதும் ஓர் அங்கணம் 72 சதுர அடி என்று வந்தது. பெருக்கினால் 3,600. ஒன்றரை கிரவுண்டு இந்த விலைக்கா என்று அன்று இரவு தூக்கமில்லை. விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். “எழுபத்திரண்டு நெல்லூர் கணக்குடா. நம்ம பக்கம் ஆறுக்கு ஆறு” என்றாள். அதாவது 36 சதுர அடி. ஐம்பது அங்கணம் என்றால் 1,800 சதுர அடி, நாலே சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. விற்பவர் ஏமாற்றவில்லை, அவர் ஊர் அளவைச் சொன்னார், நான்தான் வேறு ஊர் அளவில் கனவு கண்டேன். சிலர் கஜத்தில் சொல்வார்கள். ஒரு கஜம் ஒன்பது சதுர அடி. எதில் சொன்னாலும் பத்திரத்தில் இருக்கும் அளவைச் சதுர அடியாக்கி நோட்டில் எழுதுங்கள், பிறகு டேப் பிடித்து அளங்கள்.

சொற்களும் இப்படித்தான் காலை வாரும். ‘ஸ்தலம்’ விற்பனைக்கு என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோவில் நிலமோ என்று பதறிப்போனேன். தெலுங்கில் ஸ்தலம் என்றால் மனை. சுவரில் ‘இல்லு அம்மபடுனு’ என்று எழுதியிருப்பதை ஓர் உறவுக்காரப் பையன் எழுத்துக்கூட்டி எனக்குப் படித்துக் காட்டினான். வீடு விற்கப்படும் என்று பொருள். ஊரில் பிறந்தும் தெலுங்கு எழுத்து தெரியாமல் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம்: இந்தச் சுவர் விளம்பரங்கள் செல்போனுக்குள் வருவதே இல்லை. வாரம் ஒருமுறை தெருத் தெருவாக நடந்தால்தான் கிடைக்கும். பத்திரங்களும் தெலுங்குதான். 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரியும்வரை நாங்கள் சென்னை ராஜ்ஜியம், அதனால் தாத்தா காலத்துப் பத்திரம் தமிழில் இருக்கிறது, அப்பாவுடையது தெலுங்கில். படிக்கத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரை, விற்பவரோ புரோக்கரோ காட்டுகிறவரை அல்ல, நாமே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

‘மார்க்கெட் வேல்யூ’ என்ற சொல்லிலும் ஒரு குழி உண்டு. தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்கிறோமே, அதற்கு ஆந்திரப் பதிவுத் துறையில் இதுதான் பெயர். அரசு வைத்த மதிப்பு. ‘மார்க்கெட் வேல்யூவுக்கே தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், எந்த மார்க்கெட் என்று கேளுங்கள்.

இனி நான் பணம் விட்ட கதை. புத்தூர் ரோட்டில் ஒரு மனை. போட்டோவில் மலை, பின்னால் நகரி மூக்கு. மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு மனசு இளகாதா? ‘இன்னைக்கே இன்னொரு பார்ட்டி வராங்க’ என்றதும் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சர்வே எண்ணை வாங்கிப் பதிவுத் துறையின் இணையதளத்தில் தடைசெய்யப்பட்ட சொத்துகள் பட்டியலில் போட்டேன். 22ஏ பட்டியல் என்பார்கள். அரசு நிலம், கோவில் நிலம், வக்பு நிலம், ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம் எல்லாம் அதில் வரும். என் மனை ஒப்படைப்பு நிலம், இந்தப் பக்க வழக்கில் டி.கே.டி. பட்டா. 1977ஆம் வருஷத்துச் சட்டப்படி அப்படிப்பட்ட நிலத்தைக் கைமாற்றவே தடை. பிற்பாடு சில தளர்வுகள் வந்திருக்கின்றன என்றாலும் பட்டியலில் எண் இருக்கும்வரை பதிவு நடக்காது. ஐம்பதாயிரத்தில் முப்பது திரும்பி வந்தது. மீதியை ட்யூஷன் ஃபீஸ் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஆக இப்போது வரிசை மாறிவிட்டது. விளம்பரம் பிடித்திருந்தால் முதலில் சர்வே எண், கதவு எண். கொடுக்கத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசுவதில்லை. எண் கிடைத்ததும் 22ஏ. அதைத் தாண்டினால் ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று. இணையத்தில் 1983க்குப் பிந்தைய பதிவுகள்தான் கிடைக்கும், அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனு போட வேண்டும். பிறகு லிங்க் டாகுமெண்ட், அதாவது இவருக்கு விற்றவருக்கு யார் விற்றார் என்ற சங்கிலி. இத்தனைக்கும் பிறகுதான் வீட்டைப் பார்க்கப் போகிறேன். முதலில் வீட்டைப் பார்த்தால் மனசு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது, அப்புறம் காகிதத்தில் எந்த ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாது.

லேஅவுட் மனை என்றால் ரெரா எண் கேளுங்கள். 2016ஆம் வருஷ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது, விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்’ என்பது அதற்குப் பதில் இல்லை.

‘எக்ஸ்பிரஸ்வே பக்கத்தில்’ என்ற விளம்பரங்கள் இப்போது அதிகம். சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலையைக் காட்டித்தான் அத்தனையும். போய்ப் பார்த்தேன். சாலை வயலுக்கு மேலே மேடு கட்டிப் போகிறது, பார்க்கலாம், ஏறத்தான் முடியாது. நுழைவு இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் புரோக்கர் பேச்சை மாற்றுகிறார்.

போட்டோவில் வராத சமாச்சாரத்தில் முதலிடம் சத்தத்துக்கு. ஏகாம்பரகுப்பத்தில் ஒரு வீடு, ‘அமைதியான சூழல்’. மத்தியானம் போனேன், நிஜமாகவே ஊசி விழுந்தால் கேட்கும். கிணற்றடி, வேப்பமரம், பிடித்துப்போய்விட்டது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு பாட்டி, “கொஞ்சம் குந்து நைனா, கரண்டு வரட்டும்” என்றார். புரியாமல் உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்தில் கரண்டு வந்தது. தெரு முழுக்கப் பவர்லூம் ஒரே நேரத்தில் டக்டக்கென்று கிளம்பியது. பாட்டி சிரித்த சிரிப்பு! எனக்கு அது தாலாட்டு, அதில் தூங்கி வளர்ந்தவன். என் மனைவிக்கு அப்படி இல்லை. அந்தத் தெருவில் அரை மணி நேரம் உட்கார்ந்ததில், 2021 நவம்பரில் திருப்பதியை மூழ்கடித்த மழையின்போது இங்கே தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்பதையும் பாட்டியிடமே கேட்டுக்கொண்டேன். நேராகக் கேட்டிருந்தால் வீட்டுக்காரர் ‘இங்கெல்லாம் வராது’ என்றுதான் சொல்லியிருப்பார்.

சத்திரவாடா பக்கம் ஒரு வீட்டின் காகிதங்கள் எல்லாம் இப்போது சரியாக இருக்கின்றன. அளவு சரி, சங்கிலி சரி, பேச்சும் படிந்து வருகிறது. ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு சாயப்பட்டறை. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது என்றேன். அம்மா கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூடவே வந்து போர் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள். அம்பத்தூர் வந்து அதில் துவரம்பருப்பு வைத்தாள். ஆறு விசில் விட்டும் பருப்பு முழுசு முழுசாகவே கிடந்தது. கரண்டியால் ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டு, “குழாய்த் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருதுன்னு கேளு” என்றாள். வரும் ஞாயிறு மறுபடி போகிறோம். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.