கேட்டலும் வினாவலும்

தமிழிலே ‘கேள்’ என்னும் வினைக்குச் செவிகொடு என்பது ஒரு பொருள். வினாவு என்பது மற்றொரு பொருள். இருவேறு செயல்களுக்கு ஒரே சொல் அமைந்தமை, பணிபுரியும் இடங்களில் நாம் கொள்ளத்தக்க பாடமொன்றைத் தருகின்றது. வினாவித் தெளியாத கேட்டல் முழுமையாகாது என்பதே அது. இக்கல்லூரியிற் பயின்று கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும் கடமை புரியும் பழைய மாணவர்க்கும், நாளை அவ்விடங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கும் இதனை எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

திருவள்ளுவர் ‘கேள்வி’யை 42ஆம் அதிகாரமாகவும் ‘சொல்வன்மை’யை 65ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இரண்டும் பொருட்பாலைச் சார்ந்தவை. பரிமேலழகர் வகுப்பின்படி முன்னது அரசனுக்குரிய பகுதியிலும், பின்னது அமைச்சனுக்குரிய பகுதியிலும் அமைந்தன. ஆணையிடுபவனே முதலிற் கேட்கப் பழகவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன். வன்னியிற் குடியேற்றக் காணி பெற்றோர் பலரிடம் இருப்பது, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமாகும். உறுதி வேறு, அனுமதிப்பத்திரம் வேறு. பயிர்க்கடனுக்கு வேண்டிய விண்ணப்பம் ஒன்றன் பொருட்டு, உறவினராகிய முதியவர் ஒருவருடன் கந்தோர் ஒன்றிற்குச் சென்றேன்.

“ஐயா, காணிக்கு உறுதி இருக்கிறதோ?” என்றார் உத்தியோகத்தர்.

“ஓம் தம்பி, வீட்டிலே கிடக்கு” என்றார் முதியவர்.

காணிக்குரிய எப்பத்திரமும் அவருக்கு உறுதியே. உத்தியோகத்தர் அவ்வாறே எழுதிக்கொண்டார். அருகிலிருந்த நானும் வாளாவிருந்தேன். சில வாரங்களின் பின் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்குள் காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. முதியவரின் வயல் அவ்வாண்டு தரிசாய்க் கிடந்தது. எவரும் பொய் கூறவில்லை. எவரும் கடிந்து பேசவுமில்லை. ‘பத்திரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது?’ என்னும் ஒரு வினாவே குறைந்தது.

இப்பிழை தேர்ந்த தொழிலாளரிடையிலும் நிகழும். 1977 மார்ச் 27இல், ஸ்பெயினுக்குரிய தெனரீஃப் தீவில், ஓடுபாதையிலே இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதென விமானி ஒருவர் தவறாகக் கொண்டமை அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. அதன்பின், கட்டளையைக் கேட்டவர் ‘சரி’ என்ற அளவில் நில்லாது, அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்னும் முறை வலியுறுத்தப்பட்டது.

ஆதலின், மூன்று விதிகளைக் கைக்கொள்க:

1. பேசுபவர் முடிக்குமுன் எழுதத் தொடங்கற்க.

2. கேட்டதை நும் சொல்லிலே திருப்பிச் சொல்லி, ‘நான் விளங்கிக்கொண்டது சரிதானோ?’ என வினாவுக.

3. ‘விளங்கிற்றா?’ என்று மட்டும் வினாவி விடற்க. நாணத்தினால் ‘ஓம்’ என்போர் பலர். ‘இனி என்ன செய்யப் போகிறீர்கள்?’ என வினாவுக.

பயிற்சி: மாணவர் இருவருள் ஒருவர் தம் வீட்டுக்குச் செல்லும் வழியைக் கூறுக. மற்றவர் அதனைத் திருப்பிச் சொல்லுக. எத்தனை திருப்பங்கள் தவறின என எண்ணிப் பார்க்க.

அன்று கந்தோரில் வாளாவிருந்த குற்றம் எனக்கும் உரியது. உறுதிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தும் நான் வினாவவில்லை. இப்பாடத்தை எழுதத் தூண்டியது அதுவே.