குறைந்த எடை யார் பேரில்?



நாம் மளிகைக் கடை வைத்த புதிதில், சின்ன வெங்காய மூட்டைகளின் எடை ஏட்டிலுள்ளதைவிடக் குறைந்து நின்றது. அவசரப்பட்டுக் கடைப் பையன்மேல் சந்தேகங் கொண்டோம். அவன் மனம் நொந்து வேலையை விட்டு நின்றுவிட்டான். பின்னர் ஒரு மூட்டையைப் பூட்டி வைத்து வாரந்தோறும் நிறுத்துப் பார்த்தபோதுதான், வெங்காயம் உலர்ந்து எடை தானே குறைவது விளங்கிற்று. அவன் வீட்டுக்கே போய், "தம்பி, தப்பு எங்கள் பேரில்" என்று சொல்லி அழைத்து வந்தோம்.

இன்று வான ஆராய்ச்சியாளர்களுக்கும் இத்தகைய சோதனையே ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களுக்கு எடை குறையவில்லை, கூடுகிறது!

நமது சூரியன், பால்வீதியின் மையத்தை வினாடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வருகிறது. மையத்திற்கு வெகு தூரத்திலுள்ள நட்சத்திரங்களும் எதிர்பார்த்ததைவிட விரைந்தே ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் மட்டும் அவற்றை இழுத்துப் பிடிக்கப் போதா. ஆகவே, ஒளி தராத ஏதோவொன்று இருந்து எடை கூட்டுகிறது என்று முடிவு செய்து, அதற்குக் கரும்பொருள் எனப் பெயரிட்டனர். பிரபஞ்சத்தில் அது சாதாரணப் பொருளைப்போல் ஏறத்தாழ 5 மடங்கு உள்ளதாம்.

காணாததைத் தேடுவது எங்ஙனம்? அதன் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமாக் கதிர்கள் பிறக்கலாம் என்பது ஒரு கருத்து. எலியைப் பார்க்காவிட்டாலும் கடித்த சாக்கைப் பார்க்கலாமல்லவா? 2008-ல் விண்ணில் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கி சேர்த்த கணக்கை ஆராய்ந்து, பால்வீதியின் மையத்திலிருந்து காமாக் கதிர்கள் கூடுதலாக வருவதை 2009-ல் லீசா குட்இனஃப், டான் ஹூப்பர் என்ற இருவர் எடுத்துக் காட்டினர். ஆகஸ்டு மாத இரவில் நம் ஜொகூரின் தென்வானத்தில் தெரியும் தனுசு ராசியின் திசையில், சுமார் 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் அம்மையம் இருக்கிறது.

உடனே அக்கதிர்களைக் கரும்பொருள் பேரில் எழுதிவிடலாமா? கூடாது. அதிவேகமாய்ச் சுழலும் பல்ஸார் என்னும் முதிய நட்சத்திரங்கள் பல கூடியும் அவ்வாறே கதிர் வீசக்கூடும். அதனால், நட்சத்திரங்கள் குறைந்து கரும்பொருள் மிகுந்த, பால்வீதியைச் சுற்றியுள்ள குட்டி நட்சத்திர மண்டலங்களையும் சோதித்தனர். ஐயமற்ற அறிகுறி அங்கே கிடைக்கவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்தியாவிலும் இத்தேடல் நடக்கிறது. லடாக்கிலுள்ள ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. காமாக் கதிர் காற்று மண்டலத்தைத் தாக்கும்போது கண்ணிமைப்பதற்குள் தோன்றி மறையும் நீல ஒளியை அது பிடிக்கிறது. கரும்பொருளின் அடையாளத்தைத் தேடுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பின்னரே தெரியாததன் பேரில் கணக்கெழுத வேண்டும். அவர்கள் வானத்தில் கைக்கொள்ளும் இப்பொறுமையை நாம் தராசுமுன் கைக்கொண்டால், ஒரு பையனின் மானம் காப்பாற்றப்படும். அடுத்த முறை இருப்புக் குறைந்தால், ஆளைப் பார்க்குமுன் மூட்டையை நிறுத்துப் பாருங்கள்.