நோம்பி லைட்டும் நம்ம கணக்கும்



பங்குனி, சித்திரை பிறந்தால் நம்ம பரமத்தி வேலூர் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நோம்பிதான். பொத்தனூர், பாண்டமங்கலம், கபிலர்மலை, ஜேடர்பாளையம் என்று ஊருக்கு ஊர் சாட்டிவிட்டால் லைட் செட்காரர் வண்டி வந்து நிற்கும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் டியூப் லைட், கோவில் முன்னால் அம்மன் உருவத்தில் சீரியல் போர்டு, தேர் வரும் வீதி முழுக்கத் தோரணம். டிசம்பர் வந்தால் சர்ச்சிலும் வீட்டு வாசலிலும் நட்சத்திரம் தொங்கும். பக்கத்து ஊரில் இருபது அடி போர்டு வைத்தால் நம்ம ஊரில் முப்பது அடி வைக்கணும் என்று இளவட்டங்கள் நிற்பார்கள். பார்க்க அழகுதான். பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் ஏது? அதைக் குறை சொல்ல இந்தப் பாடத்தை எழுதவில்லை.

ஆனால் நோம்பி மாதத்தில் நம்ம குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். தலைக்கட்டு வரி கட்டணும், உள்கடன் கொடுங்க என்று. கொடுக்கிறோம், அது சரி. அந்த வரியில் லைட்டுக்கு எவ்வளவு போகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆம்பளைங்க பேசி முடிப்பாங்க, நாம் பணத்தைக் கட்டுவோம். அதனால் இந்த மாதம் லைட்டைப் பற்றியே படிப்போம். லைட் எப்படி எரிகிறது, காசு எங்கே போகிறது, உயிர் எங்கே போகிறது என்று மூன்றையும் பார்ப்போம்.

லைட்டாலேயே பேர் வாங்கிய ஊர்

மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் சந்தன்நகர் என்று ஒரு ஊர். நம்ம வேலூருக்குக் காவிரி மாதிரி அந்த ஊருக்கு ஹூக்ளி. கொல்கத்தாவில் இருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம்ம பாண்டிச்சேரி போல அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். 1950-ல் இந்தியாவிடம் வந்தது.

அங்கே துர்கா பூஜை முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஜகத்தாத்ரி பூஜை வரும். ஜகத்தாத்ரியும் அம்மன்தான், சிங்கத்தின் மேல் அமர்ந்தவள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பூஜைக் குழு. ஊர் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள், அதற்கெல்லாம் மேலே ஒரு மத்தியக் குழு. நம்ம குழுக்களும் கூட்டமைப்பும் இருக்கிற மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்க. எந்தத் தெரு லைட் அழகு என்பதில் அவர்களுக்குள் பெரிய போட்டி. கடைசி நாள் ராத்திரி சிலைகளை ஆற்றில் கரைக்கக் கொண்டுபோகும்போது, லாரிகளின் மேல் லைட் போர்டுகளைக் கட்டி ஊர்வலம் விடுவார்கள். மயில் தோகை விரிக்கும், ரயில் ஓடும், மீன் நீந்தும், எல்லாம் விளக்கிலேயே. விடிய விடியப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனம் கூடும்.

இதைத் தொடங்கி வளர்த்தவர்களில் முதலில் சொல்லும் பேர் ஸ்ரீதர் தாஸ். பெரிய படிப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. சின்னச் சின்ன பல்பு, மூங்கில், கம்பி, கலர் காகிதம், இவ்வளவுதான் சரக்கு. அவரைப் பார்த்து அந்த ஊரில் பட்டறை பட்டறையாக ஆட்கள் தொழில் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்குக் கொல்கத்தா துர்கா பூஜைக்கும் சந்தன்நகர் லைட்தான், அதே கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் கிறிஸ்துமஸுக்கு எரியும் தோரணங்களும் சந்தன்நகர் கைவேலைதான். வெளிநாடுகளுக்கும் போகிறது. சாமி எதுவானாலும் லைட் கட்டுகிற கை ஒன்றுதான்.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். போட்டி நம்ம ஊரிலும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. நாம் வெளிச்சத்தை வாடகைக்கு எடுக்கிறோம், மூன்று நாள் எரிந்ததும் காசும் வண்டி ஏறிப் போய்விடுகிறது. அவர்கள் வெளிச்சத்தைச் செய்கிறார்கள், தெருக்காரர் கட்டிய வரி பக்கத்துத் தெரு பட்டறைக்கே கூலியாகப் போய்ச் சேருகிறது.

மயில் எப்படி ஆடுகிறது?

பழைய சீரியல் செட்டில் இருந்து தொடங்குவோம். சீரியல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக என்று பொருள். வீட்டுக்கு வரும் கரண்டு 230 வோல்ட். சின்ன பல்பு தாங்குவது 6 வோல்ட். நேராகச் சொருகினால் வெடித்துவிடும். அதனால் 38 பல்பை மாலை கோத்த மாதிரி வரிசையாகக் கோத்தால் 38 × 6 = 228. ஆளுக்கு 6 வோல்ட் பங்கு பிரித்துக்கொள்ளும். ஒன்று ஃப்யூஸ் போனால் கரண்டு போகும் வழி அறுந்து அத்தனையும் அணையும்.

அப்போது நம்ம பசங்க என்ன செய்வாங்க? கெட்ட பல்பைப் பிடுங்கிவிட்டு ஒயரை முறுக்கி விடுவாங்க. செட் எரியும், நன்றாகவே எரியும். ஆனால் 38 பேர் சுமந்த பாரத்தை 37 பேர் சுமக்கணும். இன்னொன்று போனால் 36. மிச்சம் இருக்கிற பல்பு சூடேறிச் சீக்கிரம் போகும், முறுக்கின இடத்தில் ஒயர் வெளியே தெரியும். பிரகாசமாக எரிகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது.

அசையும் உருவத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு உருளை வைத்தார்கள். மோட்டாரில் சுற்றும் அந்த உருளையின் மேல் அங்கங்கே செம்புத் தகடு ஒட்டியிருக்கும். தகடு தொடும்போது ஒரு வரிசை எரியும், விலகினால் அணையும், அடுத்த வரிசை எரியும். நம் கண்ணுக்கு மயில் ஆடுகிறது. தறி ஓட்டுகிற சகோதரிகளுக்கு உடனே புரியும். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்துக்கு ஏற்ப இழை தூக்குகிறதே, அதே வேலைதான். இப்போது உருளை போய்ச் சின்ன சிப் வந்துவிட்டது. பல்பு போய் எல்.ஈ.டி. வந்துவிட்டது.

சீரோ வாட் சும்மா எரிவதில்லை

மரத்திலும் பந்தலிலும் கட்டும் கலர் குண்டு பல்பை 'சீரோ வாட்' என்கிறோம். பேரில்தான் சீரோ. அது ஏறக்குறைய 15 வாட் இழுக்கும். 200 பல்பு கட்டினால் 3000 வாட். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டு நடுராத்திரி அணைத்தால் ஆறு மணி நேரம், ஒரு ராத்திரிக்கு 18 யூனிட். அதே இடத்தில் அரை வாட் எல்.ஈ.டி. பல்பு 200 கட்டினால் மொத்தமே 100 வாட், ராத்திரிக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. ஜெனரேட்டரில் ஓட்டினால் டீசல் செலவும் அதற்கேற்பக் குறையும். அடுத்த முறை லைட் செட் பேசும்போது 'குண்டு பல்பா, எல்.ஈ.டி.யா' என்ற ஒரு கேள்வியையாவது நாம் கேட்கணும்.

காசு மட்டும் இல்லை. 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். மெல்லிசு ஒயரில் அவ்வளவு போனால் ஒயரே சூடாகி உருகும், ஓலைப் பந்தல் பக்கத்தில் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

களிமேடு

இதை எழுதாமல் இருக்க முடியாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை. தஞ்சாவூர் பக்கம் களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழா. விளக்கு அலங்காரத்தோடு தேர் வீதி உலா வந்தது. திரும்பும் இடத்தில் தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்துபோனார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

சந்தன்நகரிலும் சிலைகள் உயரம், மேலே கம்பிகள். அங்கே ஊர்வலத்துக்காக மின்சாரத்தையே நிறுத்தி வைக்கும் வழக்கம் இருந்தது. பிறகு கம்பிகளைப் பூமிக்கு அடியில் பதித்தார்கள். நம்ம கிராமத்தில் கம்பியைப் பூமிக்குள் போடும் காலம் எப்போது வருமோ. தேர் போகும் நேரத்துக்கு லைனை ஆஃப் பண்ணச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க யாரும் தடுக்கப் போவதில்லை. தேரின் உயரத்தை அளந்து, போகும் வழியில் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பகலிலேயே அவர்களை வைத்துப் பார்க்கச் சொல்லணும். ரோடு புதிதாகப் போட்டிருந்தால் தரை உயர்ந்திருக்கும், போன வருடக் கணக்கு இந்த வருடம் உதவாது.

கொக்கி போடுவது பற்றியும் பேசிவிடுவோம். கம்பத்தில் கொக்கி மாட்டி எடுப்பது 2003-ம் வருட மின்சாரச் சட்டம் 135-வது பிரிவின்படி திருட்டு, மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. 'சாமி காரியம்தானே' என்றால் சட்டம் கேட்காது, கரண்டும் கேட்காது. தற்காலிக இணைப்பு வாங்கி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் ஆர்.சி.டி. டிரிப்பரைப் போட்டு எடுத்தால் செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவைக் குறைக்கவே கூடாது. வேண்டுமென்றால் முப்பது அடி போர்டை இருபது அடி ஆக்குங்க.

வீட்டு வாசலில் நட்சத்திரம், சீரியல் மாட்டும்போதும் கவனம் வேணும். பிளக் இல்லாத ஒயரைத் துவாரத்தில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிற பழக்கம் நம்ம வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரும்பு கேட், தகரக் கூரை, துணி காய்கிற கம்பி, இவற்றில் சீரியலைச் சுற்றக் கூடாது. எல்.ஈ.டி. செட் ஷாக் அடிக்காது என்பதும் தப்பு. சொருகுவது 230 வோல்ட்டில்தானே.

இதில் நமக்கு வேலை உண்டா?

உலகத்தில் கரண்டு விளக்கை முதன்முதலில் கிறிஸ்துமஸ் மரத்தில் கட்டியது 1882-ல், நியூயார்க்கில். எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் 80 பல்புகளைக் கையால் கோத்துக் கட்டினார். அதே நியூயார்க்கில் டைக்கர் ஹைட்ஸ் என்ற பகுதியில் வீட்டுக்கு வீடு போட்டி போட்டு விளக்கு கட்டுவதைப் பார்க்க இப்போது பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிவருகிறார்கள். பணக்கார ஊர்க் கதை, விடுங்க.

நமக்குப் பக்கமான கதை தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் இருக்கிறது. மெடெயின் என்ற நகரத்தில் கிறிஸ்துமஸுக்கு ஆற்றங்கரை முழுக்க விளக்கு உருவங்கள் வைப்பது வழக்கம். வைப்பது அந்த நகரத்தின் பொது மின் நிறுவனம். கம்பி பிரேமில் பளபளக்கும் தாளைக் கையால் பின்னி உருவம் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற பெண்கள். வருடாவருடம் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சில மாதம் அந்த வேலை கிடைக்கிறது.

உடனே கடன் வாங்கி லைட் செட் போடுங்க என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சந்தன்நகர் பட்டறைக்காரர்களுக்கே பூஜை மாதங்களில் தூக்கம் இருக்காது, மற்ற மாதங்களில் வேலை இருக்காது. மலிவான சீன எல்.ஈ.டி. செட் வந்து அவர்களையும் இடிக்கிறது. நமக்கு நோம்பிக் காலம் நாலைந்து மாதம், டிசம்பர் ஒரு மாதம். ஆனால் பழுது பார்க்கிற வேலைக்கு எப்போதும் ஆள் குறைவு. வீட்டுக்கு வீடு ஒரு எரியாத செட் பரணில் கிடக்கிறது. ஈயம் வைத்து ஒட்டவும், மீட்டர் வைத்து அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொள்ளப் பெரிய முதலீடு வேண்டியதில்லை.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் கெட்டுக் கிடக்கும் சீரியல் செட்டோ நட்சத்திரமோ இருந்தால் கொண்டு வாங்க. வயரிங் தெரிந்தவர் ஒருவரை வரவழைத்து, பிளக்கைச் சொருகாமலே சோதிப்பது எப்படி என்று பிரித்துப் பார்ப்போம். கூடவே, உங்க ஊரில் போன நோம்பிக்குத் தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, அதில் லைட்டுக்கு எவ்வளவு என்று விசாரித்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாங்க. தெரியாது என்று சொன்னார்கள் என்றால் அதையும் எழுதுங்க.