லென்ஸுக்கு ஒரு குடை

எங்கள் ஊராகிய லப்பைக்குடிக்காடு வெள்ளாற்றங்கரையில் உள்ளது. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும். எங்களில் பலருடைய தந்தையர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். பள்ளி விழாக்களை அவர்கள் வீடியோவில்தான் காண முடியும். ஆகவே சென்ற விளையாட்டு விழாவை நாங்களே படம் பிடித்தோம். ஆனால் பரிசளிப்புக் காட்சி வெளுத்திருந்தது. நான்கு மூலைகளும் கறுத்திருந்தன. பெரிதும் வருந்தினோம். பிறகு இயற்பியல் ஆசிரியையின் உதவியுடன் காரணத்தை ஆராய்ந்தோம்.

புழுதியும் கீறலும் படாமல் லென்ஸின் முன் திருகும் கண்ணாடியே பில்டர். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். பக்கவாட்டில் வெயில் பட்டால் அவ்வொளி உள்ளே சிதறிப் படத்தை வெளுக்கச் செய்யும். இதைக் குறைக்கும் மெல்லிய பூச்சை 1935-இல் ஜெர்மனியில் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கினார். ஆயினும் வெயிலைத் தடுக்கும் குடை 'ஹூட்' தான். எனவே பில்டர் போட்டால் ஹூட் மேலும் அவசியம்.

மூலைகள் ஏன் கறுத்தன? இரண்டு பில்டர்களை அடுக்கி, அவற்றின்மேல் ஹூட்டைத் திருகியிருந்தோம். ஹூட் முன்னே தள்ளிப்போய், அகன்ற காட்சியின் ஓரங்களை மறைத்துவிட்டது.

நினைவிற் கொள்க:

1. பூச்சுள்ள, மெல்லிய விளிம்புள்ள ஒரே பில்டர் போதும்.
2. லென்ஸின் வெளிப்புறத்தில் மாட்டும் ஹூட் நல்லது. பில்டர் அதைத் தள்ளாது.
3. காட்சியை முழுதும் அகலமாக்கி, மூலைகளைப் பார்த்த பின்பே படம் பிடிக்கவும்.
4. தூசியை முதலில் ஊதி நீக்கவும், பிறகே துடைக்கவும்.
5. இரவில் விளக்குகள் இரட்டையாகத் தெரிந்தால் பில்டரைக் கழற்றவும்.

அடுத்த விழாவில் எங்கள் முகங்களைத் தந்தையர் தெளிவாகக் காண்பார்கள்.